வேலையில் அடிபட்டு வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொள்வது எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் தகட்டை அழுத்தி வடிக்கும் பவர் பிரஸ் இயந்திரத்தில் ஒருவருக்கு விரல் நசுங்குகிறது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் பலகை சரிந்து இன்னொருவர் பாதத்தில் விழுகிறது. மாம்பழ சீசனில் கூழ் ஆலையில் நீராவி பட்டு ஒரு பெண்ணின் முன்கை வெந்துபோகிறது. மூவரையும் மருத்துவமனை சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்து, உறவினர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துப் போக வழி செய்துவிட்டால் கடமை முடிந்தது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும். ஆனால் விரல் மடங்காது, தோள் உயராது, தொடை சூம்பியிருக்கும். விபத்து தராத ஊனத்தைப் படுக்கை தந்துவிடுகிறது.

அடிபட்ட இடத்துக்கு மட்டும் ஓய்வு, மற்ற உடம்புக்கு முதல் நாளிலிருந்தே வேலை, காகிதங்களுக்கும் அன்றே தொடக்கம் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

1. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் நேரத்தில் எல்லோருக்கும் அவசரம். ஆட்டோ காத்திருக்கும், பில் கவுண்டரில் கூட்டம் இருக்கும். இருந்தாலும் மருத்துவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

- எந்த மூட்டை அசைக்கவே கூடாது? எதை அசைத்தே ஆக வேண்டும்?
- காலில் அடி என்றால், ஊன்றலாமா? விரல் நுனி மட்டும் தொடலாமா, பாதி எடையா, முழு எடையா?
- கட்டு மாற்றுவது, தையல் பிரிப்பது, அடுத்த எக்ஸ்ரே ஆகியவை எந்தத் தேதியில்?
- பிசியோதெரபி எப்போது தொடங்க வேண்டும்?
- டெட்டனஸ் ஊசி போட்டாகிவிட்டதா?

இவற்றோடு இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். அழைத்து வந்த மேஸ்திரியோ காண்டிராக்டரோ, "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்", "பைக்கில் போகும்போது அடிபட்டுவிட்டது" என்று சொல்லிச் சேர்த்திருக்கக்கூடும். விபத்துப் பதிவேட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்பது உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பின்னால் வரும் பணம் முழுவதும் இருக்கிறது. எக்ஸ்ரே படங்களையும் விடாமல் வாங்கி வாருங்கள்.

2. எங்கே தங்குவது?

ஓசூரில் வேலை பார்ப்பவர்களில் பலர் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரைப் பக்கக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். லைன் வீட்டில் நான்கு பேரோடு ஒரே அறையில் இருப்பார்கள், அல்லது கம்பெனி விடுதியில் இருப்பார்கள். அடிபட்டதும் முதலில் தோன்றுவது, ஊருக்குப் போய்விடலாம், அம்மா பார்த்துக்கொள்வார் என்பது. அது நியாயமான எண்ணம்தான். மூன்று ஷிப்டில் போய்வரும் அறைத் தோழர்கள் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம் வாங்கப்போகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது. சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டு, சிகிச்சை தரும் மருத்துவ அதிகாரியின் அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது ஈ.எஸ்.ஐ. விதி. சிகிச்சையில் தொடர்ந்து இருக்க வேண்டும், குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக் கூடாது, அழைத்தால் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பவையும் அதோடு சேர்ந்தவை. இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. உதவித்தொகை நின்ற பிறகே தெரியவருகிறது. ஆகவே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில், "தருமபுரியில் சொந்த வீட்டில் தங்கப்போகிறேன், அங்கே எந்த மருந்தகத்தில் காட்டுவது?" என்று கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு பஸ் ஏறுங்கள். ஓசூரிலிருந்து தருமபுரி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சான்றிதழுக்காக வாராவாரம் மாவுக்கட்டோடு தேசிய நெடுஞ்சாலையில் போய்வருவது காலுக்கும் ஆகாது, கைக்காசுக்கும் ஆகாது.

ஊர் வீட்டை முடிவு செய்யும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். படிக்கட்டு எத்தனை? கழிப்பறை எங்கே? வீட்டுக்குப் பின்னால் கல்லும் மண்ணும் தாண்டிப் போக வேண்டிய கழிப்பறை என்றால், கால் முறிந்தவருக்கு அது ஒரு நாளைக்குப் பலமுறை வரும் ஆபத்து.

3. முதல் மூன்று நாள்: வீக்கத்தைக் கவனியுங்கள்

வலியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். வீக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. விரலும் கணுக்காலும் விறைத்துப்போவதற்கு வீக்கமே பெரிய காரணம்.

அடிபட்ட கையோ காலோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கை என்றால் முழங்கையை விட மணிக்கட்டும், மணிக்கட்டை விட விரல்களும் உயரமாக இருக்க வேண்டும். தூளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையை வயிற்றருகே தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால், நீர் எல்லாம் விரலில் இறங்கிவிடும். படுக்கும்போது பக்கத்தில் இரண்டு தலையணை அடுக்கி அதன் மேல் கையை வையுங்கள். கால் என்றால், முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்துப் பாதத்தைத் தொங்கவிடாமல், கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை முழுவதும் தாங்க வேண்டும்.

ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நேராகத் தோலில் வைத்தால் தோல் கருகும். முதல் மூன்று நாளில் வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், நீவிவிடுதல் எதுவும் கூடாது. "கொஞ்சம் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்று வருகிற பெரியவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாவுக்கட்டு அல்லது இறுக்கமான கட்டு போட்டிருந்தால் நகச் சோதனை செய்ய வேண்டும். கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நகத்தை உங்கள் கட்டைவிரலால் அழுத்துங்கள், வெளுக்கும். விடுங்கள். இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். அடிபடாத பக்கத்து நகத்தையும் அழுத்தி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் இரவு உட்பட சில மணி நேரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். நிறம் திரும்பத் தாமதமானாலோ, விரல் நீலம் பாய்ந்து சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை மெல்ல நீட்டிப் பார்க்கும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். கட்டை உடனே தளர்த்தியாக வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் கையே வீணாகிவிடலாம்.

இதே காரணத்தால்தான் நாட்டுக் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆந்திர எல்லைக்கு அருகிலுள்ள நம் மாவட்டங்களில் எலும்பு முறிவென்றால் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும்போது உள்ளே வீக்கம் ஏற இடமே இருப்பதில்லை. தோல் கிழிந்த முறிவு, மூட்டுக்குள் போன முறிவு, விரல் நசுங்கிய காயம் ஆகியவற்றுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். அதோடு, பாதியில் சிகிச்சையை விட்டுப் போனால் ஈ.எஸ்.ஐ. சான்றிதழ் தொடர்ச்சியும் அறுந்துபோகும்.

4. அசைவு: எந்தக் காயத்துக்கு என்ன

*கை, விரல்.* ஓசூர்ப் பட்டறைகளில் அதிகம் அடிபடுவது இதுதான். ஒரு விரலில் கட்டு இருந்தால் மற்ற நான்கும் சும்மா இருக்கக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை, கட்டில்லாத விரல்களை முழுதாக மடக்கி, முழுதாக நீட்டி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். பத்து முறை போதும். முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். தோளிலிருந்து கையைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். மணிக்கட்டு முறிந்தவர் தோள் இறுகிப்போய் வருவது அடிக்கடி நடக்கிறது. அதைத் தவிர்ப்பது மிக எளிது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்து தைத்திருந்தால், மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ காட்டிக்கொடுத்த அசைவைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது. தைத்த நாண் அறுந்தால் மறுபடியும் ஆபரேஷன்தான். நரம்பு அறுந்து உணர்ச்சியில்லாத விரல் என்றால் சூடான பொருளில் கவனம் தேவை. டீ டம்ளரைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருப்பார். விரல் கொப்பளித்த பிறகுதான் பார்ப்பார். டம்ளரை மறு கையில் வாங்கப் பழக்குங்கள்.

விரல் நுனி போனவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் தொட்டாலே ஷாக் அடிப்பது போல இருக்கும். அந்தக் கையை மறைத்து வைத்துக்கொண்டே இருந்தால் அது குறையாது. புண் முழுதாக மூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பின், முதலில் பஞ்சால் நுனியைத் தடவுங்கள். சில நாள் கழித்து மெல்லிய வேட்டித் துணி, பிறகு துண்டின் சொரசொரப்பு. அதன் பின் ஒரு பாத்திரத்தில் கேழ்வரகைக் கொட்டி, அதில் கையை நுழைத்துக் கிளற வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. கேழ்வரகு பழகிவிட்டால் அரிசிக்கும் பிறகு கொண்டைக்கடலைக்கும் போகலாம். முதலில் முகம் சுளிப்பார். வாரங்கள் போகப் போகக் கிளறிக்கொண்டே டிவி பார்ப்பார். மிஷினில் வேலை பார்க்கிற கைக்கு இந்தப் பயிற்சி மிக அவசியம்.

*இடுப்பு, முதுகு.* மூட்டை தூக்கியபோது பிடித்துக்கொண்ட முதுகுக்கு நாட்கணக்கில் படுப்பது மருந்தாகாது. வலியை அது நீட்டிக்கிறது. முதல் ஓரிரு நாள் முழங்காலுக்குக் கீழ் தலையணை வைத்துப் படுக்கலாம். அப்போதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். பிறகு நடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தால் முதுகுத் தசை வேலையை மறந்துவிடும். உயரத்திலிருந்து விழுந்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் அனுமதிக்கும் வரை அவர் நடக்கக் கூடாது. சிறுநீர் அடக்க முடியவில்லை அல்லது வரவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது என்றால் அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*கால், பாதம்.* மாவுக்கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மணிக்குப் பத்து முறை அசைக்க வேண்டும். முழங்கால் கட்டுக்குள் இல்லையென்றால், காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைப் பாயை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். தொடை சூம்பாமல் இருக்க இது ஒன்றே பெரிய உதவி. கணுக்கால் கட்டில்லாமல் இருந்தால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது வேண்டும். கெண்டை வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் உடனே காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் 108-ஐ அழையுங்கள். கட்டுக்குள் அரிக்கிறது என்று விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிவது வேண்டாம். அந்தக் கீறல் உள்ளேயே சீழ் பிடிக்கும்.

ஊன்றுகோல் வாங்கினால், அதன் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். எடை உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் கை நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகலாம். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். கழிப்பறைக்கு, நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. வாசலில் கிடக்கும் கால்மிதியை ஆறு வாரத்துக்கு எடுத்து மூலையில் போடுங்கள்.

வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்க அரசு வழி இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே பலர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இயலாதவர்களுக்கு வீடு தேடி வந்து பிசியோதெரபி தருவதும் அதன் வேலை. ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, கிராமச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து பார்க்காத நாட்களிலும் பயிற்சியைச் செய்தால்தான் பலன்.

5. புண்ணும் தீக்காயமும்

கட்டு மாற்றுகிறவர் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள், பச்சிலை, காபித்தூள் எதையும் திறந்த புண்ணில் போடாதீர்கள். வலி குறைந்து வந்து மறுபடி கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, நாற்றம், சீழ், காய்ச்சல் என்றாலோ தேதிக்குக் காத்திருக்காமல் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த அறிகுறிகள் மந்தமாகத் தெரியும். ஆகவே அவர் புண்ணைத் தினமும் யாராவது கண்ணால் பார்க்க வேண்டும்.

தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். முழங்கை மடிப்பில் வெந்தவர் வலிக்கிறதென்று கையை மடக்கியே வைத்திருந்தால், அப்படியே ஒட்டி இறுகிவிடும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து நீட்டிப் பழக வேண்டும். தோல் மூடிய பின் தேங்காய் எண்ணெய் பூசி மெல்ல அழுத்தித் தேய்க்கலாம். புதுத் தோலில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

6. மாத்திரையும் சாப்பாடும்

எழுதிய மாத்திரை தீர்ந்ததும் கடைக்குப் போய், "அதே வலி மாத்திரை பத்து கொடுங்கள்" என்று வாங்குவது வழக்கமாகிவிட்டது. டைக்ளோபினாக் வகையை வெறும் வயிற்றில், நாட்கணக்கில் விழுங்கினால் குடல் புண்ணாகும், சிறுநீரகம் பாதிக்கும். மது அதோடு சேர்ந்தால் இன்னும் மோசம். புகை பிடிப்பவருக்கு எலும்பு கூடத் தாமதமாகும். பீடிக் கட்டை ஒளித்து வைப்பதும் இப்போது வீட்டு வைத்தியம்தான்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, கறி, பருப்பை நிறுத்திவிடுகிறார்கள், புண் சீழ் வைக்கும் என்று. நடப்பது நேர்மாறாக இருக்கிறது. புண் மூடவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும். அதைக் குறைத்தால் ஆறுவது தாமதமாகும். முட்டை, கொள்ளு, மீன், தட்டைப்பயறு கொடுங்கள். கேழ்வரகுக் களி இந்த ஊர்ச் சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்பு முறிந்தவருக்கு இதைவிட மலிவான நல்ல உணவு இல்லை. ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. காகித வேலை

இதை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிளாஸ்டிக் உறை, எல்லாக் காகிதமும் அதில், ஒவ்வொன்றுக்கும் செல்போனில் ஒரு படம்.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக: 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டன. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறியதால் நீங்கள் ஏறி இறங்கும் மருந்தகத்தின் வாசல் மாறிவிடவில்லை.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) செய்ய வேண்டியது:

முதலில், விபத்தைக் கம்பெனியிடம் தெரிவித்து, விபத்துப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்புவது நிர்வாகத்தின் கடமை. அதன் நகலைக் கேளுங்கள். பிறகு மருந்தகத்தில் முதல் சான்றிதழ், இடைக்காலச் சான்றிதழ்கள், கடைசியில் இறுதிச் சான்றிதழ். நடுவில் ஒரு நாள் கூட விடுபடக் கூடாது. தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம். நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் சுமார் 540 ரூபாய், இயலாமை நீடிக்கும் வரை. விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது இயலாமை இருக்க வேண்டும். சாதாரண நோய்க்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு; வேலைக் காயத்துக்கு அது இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் அது தொழிலாளியின் தவறாகாது. ஈ.எஸ்.ஐ. கழகம் முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இதே உரிமை. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் வேலைக் காயமே. சந்தேகத்துக்கு ஈ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண் 1800-11-2526.

இங்கே ஒரு தந்திரத்தைச் சொல்லிவைக்க வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் அந்த விபத்தை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகவே சில பட்டறைகள், மறுநாளே கார் அனுப்பி, கட்டோடு ஆளைக் கொண்டுபோய் ஓரமாக உட்கார வைத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. பாசமாகக் கூப்பிடுவது போல்தான் தெரியும். வேலை செய்து சம்பளம் வாங்கும் நாளுக்கு உதவித்தொகை கிடையாது. விபத்தும் கணக்கில் வராமல் போய்விடும். மருத்துவர் வேலைக்குத் தகுதி என்று எழுதும் வரை கையெழுத்துப் போடப் போகாதீர்கள்.

குவாரித் தொழிலாளியின் நிலைமை வேறு. கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை தொழிற்சாலை. கல் வெட்டும் குவாரி சுரங்கக் கணக்கு. 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சுரங்கம் வெளியே நின்றதால் குவாரிக்காரர்களில் பலரிடம் காப்பீட்டு எண்ணே இருக்காது. ஈ.எஸ்.ஐ. எண் இல்லாதவருக்கு இழப்பீடு தர வேண்டியவர் முதலாளி. தற்காலிக இயலாமைக்கு, மாதச் சம்பளத்தின் 25 சதவீதத்தை 15 நாளுக்கு ஒரு முறை தர வேண்டும். மருத்துவச் செலவையும் அவரே ஏற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ரசீதும் பணம்தான். தர மறுத்தால் இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். "ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு இந்த வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடு" என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

8. அடிபட்டவர் பெண்ணாக இருந்தால்

ஆணுக்கு ஓய்வு தரும் வீடு பெண்ணிடம் அடுப்பைக் காட்டுகிறது. கையில் மாவுக்கட்டோடு சப்பாத்தி உருட்டுவதும், இடுப்புப் பிடிப்போடு குடம் தூக்குவதும் இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை. தண்ணீர் யார் பிடிப்பது, துணி யார் துவைப்பது, பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதை வந்த முதல் நாளே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் எல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும்.

9. தூக்கம், பயம்

பிரஸ் இறங்கும் சத்தம் கனவில் வருவது, சிறு ஒலிக்கும் திடுக்கிடுவது, கையைப் பார்க்கவே மறுப்பது எல்லாம் முதல் வாரங்களில் சகஜம். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ 14416-இல் டெலிமானஸ் (அரசின் மனநல உதவி எண்) ஆலோசகரிடம் தமிழில் பேசலாம். குடித்தால் தூக்கம் வரும் என்று யாராவது பாட்டில் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

10. மறுபடியும் வேலைக்கு

இது முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டிய வேலை. இந்தப் பகுதியைச் சிறு பட்டறை முதலாளிகளும் எச்.ஆர். அலுவலர்களும் கூடப் படிக்கலாம். கம்பெனியிலிருந்து ஒரே ஒரு ஆள், முடிந்தால் நேரடி சூப்பர்வைசர், வாரம் ஒரு முறை கூப்பிட்டுப் பேச வேண்டும். "எப்போது வருகிறாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. கட்டு எப்படி இருக்கிறது, பணம் வந்ததா, சான்றிதழில் ஏதாவது சிக்கலா என்று கேட்டால் போதும். யாரும் கூப்பிடாத வீட்டில், வேலை போய்விட்டது என்ற முடிவுக்கு மூன்றாவது வாரத்திலேயே வந்துவிடுகிறார்கள்.

மருத்துவர் தகுதிச் சான்றிதழ் தந்த பிறகு லைட் டியூட்டி. அதற்குப் பொருத்தமான வேலைகள் பட்டறையில் இருக்கத்தான் செய்கின்றன: பொருளைச் சோதிக்கும் மேஜை, ஸ்டோர் பதிவு, லேபிள் ஒட்டுதல், புது ஆளுக்குப் பயிற்சி. எதைத் தூக்கலாம், எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் இரவு ஷிப்ட் வேண்டாம். ஊன்றுகோலோடு கம்பெனி பஸ் படி ஏற முடியுமா என்பதையும் முன்பே பாருங்கள். விரல் போன அதே பிரஸ்ஸுக்கு அவரைத் திரும்ப அனுப்பும் முன், இரண்டு கையாலும் அழுத்தும் பொத்தானும் கை உள்ளே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை சென்சாரும் வேலை செய்கின்றனவா என்று அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும்.

இறுதிச் சான்றிதழ் வாங்கிய கையோடு ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள். விரல் நுனி போயிருந்தாலோ, மூட்டு முழுதாக மடங்காமல் நின்றுவிட்டாலோ, நிரந்தர இயலாமைக்காக ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழு முன் அனுப்பச் சொல்லுங்கள். உழைக்கும் திறனில் எவ்வளவு போனது என்று அந்தக் குழு சதவீதம் போடும். அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க வரும். தான் பழைய வேலைக்கே திரும்பிவிட்டதால் இது கிடைக்காது என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாலும் இந்தத் தொகை தனியாக உண்டு.